இடம் கேட்கும் துரு

கோலகங்சாரில் 1877-ஆம் ஆண்டு ஹியூ லோ நட்டு வளர்த்த ரப்பர்க் கன்றுகள் தொடங்கி, தஞ்சோங் துவாலாங்கில் 1938-இல் கட்டப்பட்டு 1982 வரை மண்ணைத் தோண்டிக்கொண்டிருந்த 4,500 டன் எடையுள்ள, ஈயம் எடுக்கும் கப்பல் வரை, பேராக் மாநிலத்தின் சரித்திரத்தில் எந்த அத்தியாயத்தை எடுத்துப் பார்த்தாலும் அங்கே இரும்பும் மழையும் அருகருகே இருக்கக் காணலாம். ரப்பர்ப் பாலைத் தகடாக்கிய உருளைகளும், அவற்றைச் சுழற்றிய டீசல் எஞ்சின்களும், தோட்டத்து லாரிகளும், பிற்காலத்தில் பால்வெட்டுத் தொழிலாளரை விடியுமுன் காட்டுக்குள் கொண்டு சேர்த்த சிறிய ஹோண்டா மோட்டார் சைக்கிள்களும் இரும்பை நம்பிய சாதனங்கள். அவை வந்து சேர்ந்த பூமியோ, தைப்பிங் போன்ற ஊர்களில் ஆண்டுக்கு 4,000 மில்லிமீட்டரை ஒட்டி மழை கொட்டும் பூமி. தாப்பாவுக்கும் சுங்காய்க்கும் இடையே, ஈப்போவிலிருந்து கோலாலம்பூருக்குச் செல்லும் பழைய நெடுஞ்சாலையின்மேல், தித்திவங்சா மலைத்தொடரின் அடிவாரத்தில் அமைந்த பீடோர் நகரத்துக்கும் இந்த ஈரத்தில் குறைவில்லை. ரப்பர் மரங்கள் பெரும்பாலும் போய்ச் செம்பனை வந்துவிட்ட இந்நாளிலும், அவ்வூர்ப் பக்கத்துப் பட்டறைகளில் புதிய பாகத்தைப் பூட்டப் பிடிக்கும் நேரத்தைவிடப் பழைய நட்டைக் கழற்றப் பிடிக்கும் நேரமே பல வேளைகளில் அதிகமாக இருக்கிறது.

இறுகிப்போன ஒரு நட்டின் முன்னே நிற்பவனுக்கு முதலில் தோன்றுவது கைபலத்தைப் பற்றிய யோசனை. இன்னும் நீளமான ஸ்பானர், அதற்குமேல் ஓர் இரும்புக் குழாய், அதற்குமேல் உடம்பின் முழுப் பாரம் என்று அந்த யோசனை வளர்ந்துகொண்டே போய், ஒரு கணத்தில் போல்ட்டின் தலை தனியே கையோடு வந்துவிடுவதில் முடிகிறது. உண்மையில் அங்கே நிகழ்ந்திருப்பது ஓர் இடப் பிரச்சினை. இரும்பு துருவாக மாறும்போது அது முன்பிருந்த இடத்துக்குள் அடங்குவதில்லை. துருவின் வகையையும் அதில் சேர்ந்துள்ள நீரின் அளவையும் பொறுத்து, உண்ணப்பட்ட இரும்பைப்போல் 2 முதல் 6 மடங்கு வரை கனபரிமாணம் கொள்கிறது. வெளிப்பரப்பில் இப்படி வளரும் துரு செதிலாக உதிர்ந்து விழ வழி உண்டு. போல்ட்டின் மரைக்கும் நட்டின் மரைக்கும் நடுவே இருக்கும் இடைவெளியோ ஒரு மில்லிமீட்டரில் நூற்றில் சில பாகமே ஆகும். அந்த இடுக்கில் பிறந்த துரு வெளியேற வழியின்றித் தன்னைச் சுற்றியுள்ள உலோகத்தையே நெருக்கி, இரு மரைகளையும் ஆப்பு அறைந்ததுபோல் பிணைத்துவிடுகிறது. கழற்றும் முறைகள் எத்தனை வகைப்பட்டாலும் அவை யாவும் இந்த நெருக்கத்துக்கு ஏதேனும் ஒரு வழியில் இடம் பண்ணிக் கொடுப்பவையே என்பதை மனத்தில் கொண்டால், எந்த முறையை எப்போது பிரயோகிப்பது என்பது தானே விளங்கும்.

துரு ஏன் மரைக்குள் இவ்வளவு ஆவலாகப் போய் உட்காருகிறது என்ற கேள்விக்குச் சென்ற நூற்றாண்டின் முற்பகுதியில் இங்கிலாந்தில் விடை கண்டார்கள். கேம்பிரிட்ஜில் யூ. ஆர். எவன்ஸ் என்னும் அறிஞர் ஓர் இரும்புத் தகட்டின்மேல் ஒரு துளி உப்புநீரை வைத்துக் கவனித்தார். துளியின் விளிம்பில் காற்றிலுள்ள பிராணவாயு எளிதில் கரைகிறது. நடுவிலோ அது அருகிப்போகிறது. இரும்பு கரைந்தது பிராணவாயு மிகுந்த விளிம்பில் அன்று, அது குறைந்த நடுப்பகுதியில். பிராணவாயு நிறைந்த இடமும் குறைந்த இடமும் சேர்ந்து ஒரு சிறிய மின்கலமாகி, குறைந்த இடத்து இரும்பை அரிக்கின்றன. நட்டின் வெளிப்புறத்தையும் மரையின் உட்புறத்தையும் ஒப்பிட்டால், காற்றுப் புகாமல் ஈரம் மட்டும் தேங்கும் உட்புறம் அந்தத் துளியின் நடுப்பகுதிக்குச் சமானம் ஆகிறது. அக்காலத்திலேயே வெர்னன் என்பவர் செய்த சோதனைகள் மற்றொரு செய்தியைத் தெரிவித்தன: அசுத்தம் கலந்த காற்றில் ஈரப்பதம் சுமார் 60 சதவீதத்தைத் தாண்டியதும் இரும்பு துருப்பிடிக்கும் வேகம் சட்டென்று உயர்கிறது. மலேசியாவில் ஈரப்பதம் சராசரியாகவே 80 சதவீதத்தை ஒட்டியிருப்பதால், அந்த எல்லைக்குக் கீழே இரும்பு இளைப்பாறும் நாட்கள் இங்கே மிகச் சொற்பம்.

எஞ்சினின் உறுப்புகள் யாவற்றினும் புகை வெளியேறும் பாகம்தான் அதிகமாகத் துருவுக்கு இரையாகிறது. ஒரு லிட்டர் பெட்ரோல் எரியும்போது ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாகப் பிறக்கிறது என்று சொன்னால் பலருக்கு வியப்பாக இருக்கும்; எரிபொருளின் ஹைட்ரஜன் காற்றின் பிராணவாயுவோடு கூடுவதன் விளைவு அது. எஞ்சின் நெடுநேரம் ஓடிக் குழாய் முழுவதும் சூடேறினால் அந்த ஆவி அப்படியே வெளியே போய்விடும். லயத்திலிருந்து காட்டுக்கும், காட்டிலிருந்து பால் நிறுக்கும் கொட்டகைக்கும், அங்கிருந்து வீட்டுக்கும் என்று சிறு சிறு தூரங்கள் மட்டும் ஓடும் வண்டியில் சைலன்சரின் வால்பகுதி சூடேறுவதற்கு முன்பே எஞ்சின் நிறுத்தப்படுவதால், ஆவி குளிர்ந்து நீராகி அடியில் தேங்குகிறது. எரிபொருளில் கந்தகம் இருக்குமளவுக்கு அந்நீர் கந்தக அமிலமும் கலந்ததாகிறது. ஆகவேதான் மேலே பளபளவென்று துடைத்து வைக்கப்பட்ட சைலன்சர் உள்ளிருந்தே அரிக்கப்பட்டு ஒருநாள் அடியில் ஓட்டை விழுந்து நிற்கிறது. பல சைலன்சர்களின் தாழ்ந்த இடத்தில் குண்டூசித் தலையளவு துளை ஒன்று விட்டிருப்பார்கள். அது நீர் வடிவதற்காக அமைந்தது. சேறு அடைத்துக்கொண்ட அந்தத் துளையை ஒரு கம்பியால் குத்தித் திறந்துவிடுவது, எவ்விதச் செலவுமின்றிச் செய்யக்கூடிய பெரும் பாதுகாப்பு.

எஞ்சினை ஒட்டிய முனையில் நிலைமை வேறு. லாரி எஞ்சினின் புகையைத் திரட்டிக் குழாய்க்கு அனுப்பும் வார்ப்பிரும்பு மேனிஃபோல்டு அரை மீட்டர் நீளமிருந்து, ஓட்டத்தில் 500 டிகிரி வரை சூடேறுமானால் அது இரண்டே முக்கால் மில்லிமீட்டர் நீளுகிறது. அதைத் தாங்கும் சிலிண்டர் ஹெட்டோ தண்ணீரால் குளிர்விக்கப்படுவதால் அவ்வளவு நீளுவதில்லை. இந்த வித்தியாசத்தை, இரண்டையும் பிணைக்கும் தலையில்லாத போல்ட்டுகளான ஸ்டட்டுகளே தாங்க வேண்டியிருக்கிறது. அதிலும் நடுவில் உள்ளவற்றைவிட இரு கோடிகளில் உள்ளவையே ஒவ்வொரு முறை சூடாகி ஆறும்போதும் அதிகமாக வளைந்து நிமிர்கின்றன. முறிந்த ஸ்டட்டைத் தேடுபவன் முதலில் கோடியில் பார்ப்பது இதனால்தான். கழற்றும்போதும் கோடியில் உள்ளவற்றிடம் கூடுதலான எச்சரிக்கை காட்ட வேண்டும்.

இனிக் கழற்றும் வித்தையைக் கவனிப்போம். ஒரு நட்டை முறுக்கும்போது நாம் செலவிடும் பலத்தில் ஏறத்தாழ 90 சதவீதம் உராய்வுக்கே போகிறது. போல்ட்டை இழுத்து இறுக்கும் பயனுள்ள வேலைக்குப் பத்தில் ஒரு பங்குதான் மிஞ்சுகிறது. துரு சேர்ந்ததும் அந்த உராய்வு பன்மடங்காகிறது. போல்ட்டின் உடற்பலமோ அரிப்பினால் குறைந்திருக்கிறது. சிறிய மோட்டார் சைக்கிள்களின் புகைக்குழாயைச் சிலிண்டர் ஹெட்டோடு பிணைப்பவை 6 மில்லிமீட்டர் ஸ்டட்டுகள் இரண்டு. அத்தகைய ஸ்டட்டை முறையாக இறுக்கப் போதுமானது சுமார் 10 நியூட்டன் மீட்டர் முறுக்கு. 20 சென்டிமீட்டர் நீளமுள்ள ஸ்பானரின் நுனியில் பத்துக் கிலோ பாரத்தை வைத்தாலே அதைப்போல் இருமடங்கு முறுக்கு உண்டாகிவிடுகிறது. வளர்ந்த ஒருவர் சற்றுக் கோபத்தோடு அழுத்தினால் வருவது அதைவிட அதிகம். இங்கே கைபலம் ஒருபோதும் குறைவாக இருந்ததில்லை என்பதே கணக்கு சொல்லும் உண்மை.

எண்ணெய் விடுவது முதற்படி. தண்ணீரின் பரப்பு இழுவிசை சுமார் 72 அலகு என்றால், மண்ணெண்ணெய் போன்ற இலேசான எண்ணெய்களுக்கு அது 25, 30 அலகுக்குள் அடங்கும். அதனால் அவை உலோகத்தின்மேல் எளிதில் பரவி, நுண்ணிய இடுக்குகளில் தாமாகவே ஏறிச் செல்கின்றன. மண்ணெண்ணெயும் டீசலும் தோட்டங்களில் நெடுங்காலம் இந்த வேலையைச் செய்தன. இன்று எல்லாப் பட்டறைகளிலும் காணப்படும் டபிள்யூ.டி.-40 என்பது 1953-இல் அமெரிக்காவின் சான் டியேகோ நகரில், ஏவுகணையின் உலோகத் தோலைத் துருவிலிருந்து காப்பதற்காக, ஈரத்தை விலக்கும் திரவமாக உருவாக்கப்பட்டது. நாற்பதாவது முயற்சியில் கைகூடியதால் அந்த எண்ணைப் பெற்றது. எந்த எண்ணெயாயினும் அதற்குக் காலம் கொடுக்க வேண்டும் என்பதில் ஓர் அழகிய கணித நியதி மறைந்திருக்கிறது. நுண்ணிய இடுக்கில் திரவம் புகும் ஆழம் காலத்தின் வர்க்கமூலத்துக்கு ஏற்பவே வளரும் என்று 1921-இல் வாஷ்பர்ன் என்பவர் நிறுவினார். முதல் ஒரு மில்லிமீட்டர் நனைய ஒரு மணி நேரம் ஆகுமென்று வைத்துக்கொண்டால், இரண்டாவது மில்லிமீட்டரும் நனைய மொத்தம் நான்கு மணி, மூன்றாவதும் நனைய ஒன்பது மணி, நான்காவதும் நனையப் பதினாறு மணி ஆகும். 10 மில்லிமீட்டர் போல்ட்டின் நட்டு சுமார் 8 மில்லிமீட்டர் உயரம். இரு முனையிலிருந்தும் எண்ணெய் புகுந்தால் ஒவ்வொரு பக்கமும் நான்கு மில்லிமீட்டர் போக வேண்டும். "இன்றைக்கு எண்ணெய் விட்டு வைப்போம், நாளைக்குப் பார்ப்போம்" என்று பழைய கைவினைஞர்கள் சொன்னது சோம்பலால் அன்று என்பது இக்கணக்கால் விளங்கும். இடையிடையே நட்டின் பக்கவாட்டில் சிறு சுத்தியலால் தட்டுவதும் பொருளுள்ள செயல்தான். துரு நொறுங்கும் தன்மையுள்ளது, இரும்பு அப்படியன்று. ஒவ்வொரு தட்டுக்கும் துருவில் புதிய விரிசல் விழுந்து எண்ணெய்க்குப் பாதை உண்டாகிறது.

எண்ணெய் தோற்ற இடத்தில் நெருப்பு வருகிறது. இரும்பை 300 டிகிரி சூடேற்றினால் 10 மில்லிமீட்டர் விட்டமுள்ள துவாரம் சுமார் 0.036 மில்லிமீட்டர் அகலுகிறது. சொல்லக் கேட்டால் அற்பமாகத் தோன்றும் இந்த அளவு, மரையின் இயல்பான இடைவெளியோடு ஒப்பிடத்தக்கது. நட்டை மட்டும் விரைந்து சூடாக்கி, போல்ட்டுக்குச் சூடு பரவுமுன் திருப்புவதே இதிலுள்ள சூட்சுமம். பலர் அறியாத இரண்டாவது நன்மை ஒன்றும் உண்டு. மழையில் பிறந்த துரு தன்னுள் நீரைக் கட்டி வைத்திருக்கிறது. சுமார் 250, 300 டிகிரியில் அந்த நீர் பிரிந்துபோய், மஞ்சள் கலந்த பழுப்புத் துரு செந்நிறத் துருவாக மாறுகிறது. அப்படி மாறும்போது அதன் கனபரிமாணம் கால் பங்குக்குமேல் சுருங்குகிறது. இடத்தை அடைத்துக்கொண்டிருந்ததே சுருங்கி வழிவிடுவதால், ஒருமுறை நன்றாகச் சூடேறி ஆறிய நட்டு முன்பு காட்டிய பிடிவாதத்தைப் பின்பு காட்டுவதில்லை.

பீடோரை அடுத்த ஒரு சிறு பட்டறையில் முதியவர் ஒருவர் இப்படிச் சூடேற்றி ஆறவிடும் வழியைக் கையாளக் கண்டிருக்கிறேன். மோட்டார் சைக்கிளின் புகைக்குழாய் நட்டுக்குக் கேஸ் விளக்கின் நீலச் சுடரை ஒரே இடத்தில் நிறுத்தாமல் சுற்றிச் சுற்றிக் காட்டினார். நட்டின்மேல் முதலில் ஈரம் பொரிந்து மறைந்தது, பின்பு பழுப்புத் துரு செங்காவி நிறமாயிற்று. சுடரை விலக்கி, ஒரு மெழுகுவத்தித் துண்டை மரையின் விளிம்பில் வைத்தார். மெழுகு உருகி, வெண்புகை விட்டு, ஒரு சொட்டும் கீழே வழியாமல் உள்ளே இழுக்கப்பட்டுப் போயிற்று. உதவிக்கு நின்ற பையன் அவசரமாக ஸ்பானரை எடுத்ததும், "பொறு தம்பி, ஆறட்டும்" என்று தடுத்தார். ஆறிய பின்பு அவர் முதலில் திருப்பியது கழற்றும் பக்கமாக அன்று; இறுக்கும் பக்கமாக ஒரு மயிரிழை. அதன் பின்னரே எதிர்ப்பக்கம் கால் சுற்று, மீண்டும் உள்ளே, மீண்டும் வெளியே. ஒவ்வொரு போக்குவரவிலும் செம்பொடி மரையிலிருந்து உதிர்ந்தது. நட்டு விட்டுக்கொடுத்த கணத்தில் 'டக்' என்று ஒரு வறண்ட ஓசை கேட்டது. முறியப்போகும் ஸ்டட்டில் அந்த ஓசை வருவதில்லை. ஓசையின்றி, ரப்பரை முறுக்குவதுபோல் மெத்தென்று கை இறங்கும். அந்த மென்மையை உணர்ந்தவுடன் நிறுத்துகிறவரே கைதேர்ந்தவர்.

நெருப்பைக் கையாள்வதில் சில ஆபத்துகளைச் சொல்லியே ஆகவேண்டும். எண்ணெய் தெளித்த கையோடு சுடரை நீட்டலாகாது; பெட்ரோல் தொட்டியைக் கழற்றி அப்பால் வைக்க வேண்டும்; துத்தநாகம் பூசிய போல்ட்டைக் காய்ச்சினால் எழும் வெண்புகை காய்ச்சலை உண்டாக்கும்; குளோரின் சேர்ந்த சுத்திகரிப்புத் திரவங்கள் சூட்டில் பாஸ்ஜீன் என்னும் கொடிய விஷவாயுவாக மாறக்கூடும். அலுமினிய ஹெட்டில் இன்னொரு சங்கடம்: இரும்பு சிவந்து எச்சரிக்கும், ஹெட்டின் அலுமினியமோ நிறம் மாறாமலே இருந்து 660 டிகிரியை எட்டுமுன்பே திடீரென்று உருகிவிடும்.

ஸ்பானரின் பொருத்தமும் அலட்சியப்படுத்தக் கூடியதன்று. ஜோசப் விட்வொர்த் 1841-இல் வகுத்த ஆங்கில மரைக்கு 55 டிகிரிக் கோணம். இன்றைய மெட்ரிக் மரைக்கு 60 டிகிரி. ஆங்கிலேயர் காலத்து எஞ்சின்கள் விட்வொர்த் அளவில் வந்தன. ஜப்பானிய வண்டிகள் மெட்ரிக் அளவில் வந்தன. இரண்டும் ஒரே பட்டறையில் புழங்கும் ஊரில், ஏறக்குறையப் பொருந்தும் ஸ்பானரைப் போட்டு நட்டின் மூலைகளை மழுக்குவது எளிது. ஆறு பக்கத்தையும் முழுமையாகப் பற்றும் சாக்கெட்டே துருப்பிடித்த நட்டுக்குத் தகுந்தது.

எல்லாக் கவனத்துக்கும் பிறகும் ஸ்டட் முறிவதுண்டு. முறிந்த துண்டு சற்று வெளியே நீட்டிக்கொண்டிருந்தால், அதன்மேல் ஒரு நட்டை வைத்து உள்ளே வெல்டிங் நிரப்பி, அந்த நட்டைப் பிடித்தே திருப்புவது மிகச் சிறந்த முறை என்பது என் கருத்து. வெல்டிங்கின் உஷ்ணமே துருவை இளக்கிவிடுகிறது. துண்டில் துளையிட்டு எதிர்மரை உளியைச் செலுத்தும் முறையில் நான் அஞ்சுவது, அந்த உளி கடினமான எஃகாதலால் உள்ளேயே முறிந்து, பிறகு சாதாரணத் துளையிடும் கருவி எதற்கும் இணங்காது என்பதைத்தான். அப்படி அலுமினியத்துக்குள் எஃகு சிக்கிக்கொண்ட வேளையில் உதவ வருவது நம் வீடுகளில் நீரைத் தெளியவைக்கும் படிகாரம். ஹெட்டைத் தனியே கழற்றி, படிகாரம் செறிவாகக் கரைந்த வெந்நீரில் மூழ்க வைத்துச் சூடு குறையாமல் பார்த்துக்கொண்டால், அக்கரைசல் எஃகை மெல்ல மெல்லக் கரைத்துவிடுகிறது. தன் மேல் இறுகிய ஆக்ஸைடு படலத்தைப் போர்த்துள்ள அலுமினியம் பெரிதும் பாதிக்கப்படாமல் தப்புகிறது. கடிகாரம் பழுதுபார்ப்போர் பித்தளைத் தகட்டில் முறிந்த எஃகுத் திருகுகளை எடுக்க இதையே நெடுங்காலமாகப் பயன்படுத்துகிறார்கள்.

கழற்றிய பாகத்தைப் புதுப்பிக்கும் வேலையில் முதற்கேள்வி, துரு எவ்வளவு ஆழம் என்பது. தடித்த வார்ப்பிரும்பு மேனிஃபோல்டில் துரு பெரும்பாலும் மேற்பரப்போடு நிற்கும். அதற்கு எமன் விரிசலும், சூட்டினால் கோணிய முகப்புமே. மெல்லிய தகட்டுச் சைலன்சரைச் சுத்தியலின் பிடியால் தட்டிப் பார்த்தால், நல்ல தகடு கணீரென்று ஒலிக்கும், அரித்த தகடு மொத்தென்று ஒலிக்கும். கம்பித் தூரிகையால் செதில்களை நீக்கிய பின் எஞ்சும் துருவுக்கு இரு ரசாயன வழிகள் உள்ளன. ஒன்று பாஸ்பாரிக் அமிலம். அது துருவை இரும்புப் பாஸ்பேட்டாக மாற்றி ஒரு காப்புப் படலம் விடுகிறது. 1,600 ஆண்டுகளாக வெயிலிலும் மழையிலும் நிற்கும் டெல்லி இரும்புத் தூணின் நீண்ட ஆயுளுக்கும், அதிலுள்ள மிகுதியான பாஸ்பரஸ் உண்டாக்கிய பாதுகாப்புப் படலமே காரணம் என்று கான்பூர் ஐ.ஐ.டி.யின் பேராசிரியர் ஆர். பாலசுப்ரமணியம் ஆராய்ந்து கூறினார். மற்றொரு வழி டானின். கடுக்காயும் இரும்பும் சேர்ந்தால் கறுக்கும் என்பதை மை காய்ச்சிய நம் முன்னோர் அறிவர். துருவோடு டானின் கூடும்போது உண்டாவதும் அதே கருநீலப் பொருள்தான். பேராக்கின் மாத்தாங் அலையாத்திக் காட்டில், கோல செபெத்தாங் கரிச்சூளைகளுக்குப் போகும் ரைசோபோரா மரங்களின் பட்டை உரித்து எறியப்படுகிறது. அப்பட்டையில் டானின் மிகுந்திருப்பதைக் கண்டு, அது எஃகின் அரிப்பைத் தடுக்கவல்லது என்பதைப் பினாங்கிலுள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழக வேதியியலாளர்கள் வெளிநாட்டு அறிஞர்களோடு கூடி ஆராய்ந்து 2007-இல் வெளியிட்டார்கள். துருவை வளர்க்கும் ஈர மண்ணே துருவுக்கு மருந்தையும் வளர்ப்பது எனக்கு மிகுந்த மகிழ்ச்சி தரும் செய்தி. ஆயினும் டானின் படலம் கரிமப் பொருளாதலால் கடுஞ்சூட்டில் சிதைந்துவிடும். வண்டிச் சட்டத்துக்கும், குளிர்ந்த பிடிப்பட்டைகளுக்கும் அது தகும், எஞ்சினை ஒட்டிய குழாய்க்குத் தகாது. அவ்விடத்துக்கு அலுமினியத் துகள் கலந்த சிலிகோன் வர்ணமே ஏற்றது. அதைப் பூசினால் மட்டும் போதாது, சுமார் 200 டிகிரியில் வேகவைத்தால்தான் இறுகும். எஞ்சினைச் சிறிது சிறிதாக ஓட்டி ஆறவிட்டே அந்தச் சூட்டைக் கொடுத்துவிடலாம்.

திரும்பப் பூட்டும்போது மரைக்குள் உலோகத்துகள் கலந்த பசையைத் தடவுவது, துரு வந்து உட்காருமுன் அந்த இடத்தை வேறொன்றால் நிரப்பிவிடுவதாகும். பசை உராய்வைக் குறைப்பதால், முன்பு முறுக்கிய அதே பலத்தில் முறுக்கினால் போல்ட் அளவுக்குமேல் இழுபட்டுவிடும். கையைச் சற்றுத் தளர்த்த வேண்டும். புகைக்குழாய் ஸ்டட்டுகளுக்குப் பித்தளை நட்டு போடும் வழக்கம் நல்ல வழக்கம், பித்தளை எஃகோடு துருவால் ஒட்டிக்கொள்ளாது. ஆனால் ரப்பர்ப் பால் உறையாமலிருக்க அமோனியா கலக்கும் இடங்களில் இதற்கு ஒரு விலக்கு உண்டு. ஆங்கிலேயர் ஆட்சிக்கால இந்தியாவில், மழைக்காலங்களில் குதிரை லாயங்களில் வைக்கப்பட்டிருந்த பித்தளைத் தோட்டா உறைகள் காரணம் தெரியாமல் வெடிப்பு விட்டன. குதிரைச் சிறுநீரிலிருந்து எழுந்த அமோனியா, இழுவிசைக்குள்ளான பித்தளையைப் பிளந்தது என்பது 1921-இல்தான் தெளிவாயிற்று. இறுக்கப்பட்ட நட்டும் இழுவிசைக்குள்ளான பித்தளையே. அமோனியாக் கலயத்தைக் கட்டிக்கொண்டு நாள்தோறும் பால் காட்டுக்குப் போகும் மோட்டார் சைக்கிளுக்குத் துருப்பிடிக்காத எஃகு நட்டும், அதன் மரையில் நிக்கல் துகள் கலந்த பசையும்தான் பொருத்தம்.